தூண்டிலுக்குச் சட்டம் தெரியுமா?

சென்ற ஞாயிறு அம்பத்தூர் மீன் கடையில் பால் சுறா வாங்கினேன. பேரன் பிறந்து பத்து நாள் ஆகிறது. மகளுக்குப் புட்டு செய்து கொடுக்க வேண்டும் என்று வீட்டம்மா உத்தரவு. கரையோர வலையில் வந்த சின்னச் சுறாக்கள். பார்த்ததும் 2001-ஆம் வருடம் நினைவுக்கு வந்தது.

அப்போது ஆவடியில் வேலை. பக்கத்து இருக்கை நண்பர் குமரி மாவட்டம் தூத்தூர்க்காரர். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்க்காரர்கள் ஆழ்கடல் தூண்டிலில் பேர் பெற்றவர்கள். கொச்சியிலிருந்து கிளம்பினால் திரும்ப வாரக்கணக்காகும். ஒரு நீளக் கயிறு, அதில் தொங்கும் நூற்றுக்கணக்கான தூண்டில்கள். ஆயிரங்கால் தூண்டில் என்பது இதைத்தான்.

அந்த ஜூலையில் மத்திய அரசு சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் அதே அட்டவணைதான். நண்பர் தினமும் எஸ்.டி.டி. பூத்தில் நின்றார். "சூரைக்குப் போட்ட தூண்டிலையும் சுறா கடிக்குது சார். கடிக்காதேன்னு அதுகிட்ட யார் சொல்றது?" என்பார். எங்களிடம் பதில் இல்லை.

மீனவர்கள் எதிர்த்தார்கள். டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது. திமிங்கலச் சுறா, வேளா மீன், பாண்டிச்சேரி பெயர் கொண்ட ஒரு சுறா ஆகியவை அதில் இருந்தன. நண்பர் முகத்தில் சிரிப்பு திரும்பியது. நானும் அவர் பக்கம்தான்.

ஆனால் அரசின் பயத்திலும் நியாயம் இருந்தது. சூரை லட்சக்கணக்கில் முட்டையிடும். பெரிய சுறாக்கள் பருவத்துக்கு வரவே பல வருடமாகும். போடுவதும் சில குட்டிகள்தான். பிடிக்கிற வேகத்துக்குப் பிறப்பு ஈடு கொடுக்காது. 2010-இல் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம், நீண்ட வால் சுறா பிடிபட்டால் படகில் வைத்திருக்கக் கூடாது என்றது. கயிற்றை இழுக்கும்போதே செத்திருந்தால் திரும்பக் கடலில் போட்டு என்ன பயன்? கம்பிக்குப் பதில் நைலான் கட்டினால் பல சுறாக்கள் கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும். உயிரோடு வந்ததைப் படகில் ஏற்றாமல் கயிற்றை வெட்டி விடலாம். கடலில் செய்யக்கூடியது இதுதான்.

அன்று மாலை நண்பருக்குப் போன் செய்தேன். ஓய்வுக்குப் பிறகு ஊரில்தான் இருக்கிறார். பேரன் சேதி கேட்டுச் சந்தோஷப்பட்டார். சுறாவைப் பற்றிக் கேட்டேன்.

"முன்ன மாதிரி இல்ல சார். எங்க அப்பா பார்த்த சுறாவை என் பேரன் படத்துலதான் பார்க்கணும் போல" என்றார்.

அன்று சட்டத்தைத் திட்டியவர்தான்.