மோரியர் வீடு

பெங்களூரிலிருந்து துங்கபத்திரைக் கரைக்குச் செல்வோர் பெரும்பாலும் ஹம்பியின் இடிபாடுகளைக் கண்டு மீள்வர். ஆற்றைக் கடந்து, கங்காவதியை அடுத்த ஹிரேபெணகல் குன்றின்மேல் ஏறுவோர் மிகச் சிலரே. நண்பர் ஒருவர் வற்புறுத்தியிராவிடின் நாமும் ஏறியிருக்கமாட்டோம்.

குன்றின் மேலே ஓர் ஊரே நிற்கிறது. பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லைக் கவித்த வீடுகள்; சிறியனவும் பெரியனவுமாக ஏறத்தாழ 400 கல்லமைப்புகள். பல வீடுகளின் ஒரு பக்கத்தில் வட்டமாகத் துளையிட்டிருக்கின்றனர். இங்கு வாழ்ந்தவர் யாவர் என வினவினோம். "மோரியர்" என்றார், உடன் வந்த முதியவர். அவர்கள் குள்ளர்களாம், அத்துளை வழியே நுழைந்து வெளிவருவார்களாம், பின்னர் ஒருவரும் மிஞ்சவில்லையாம். குன்றுக்கே மோரியர் மலை என்றுதான் பெயர்.

இக்கதை கன்னட நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சித்தூர்ப் பக்கத்தில், நெருப்பு மழை பெய்து அக்குள்ளர் அழிந்தனர் என்பர். தமிழகத்தில் சிலவிடத்துக் குள்ளர் வீடு, சிலவிடத்துப் பாண்டவர் வீடு. மூணாற்றை அடுத்த மறையூரிலோ முனியறை. மோரியர் என்ற பெயர் சங்கப் பாடல்களிலும் வருவதால், அசோகன் குலத்தாரே இவற்றைக் கட்டினர் என்று கொள்ளத் தோன்றும். பெயரொற்றுமை ஒன்றைக் கொண்டே அவ்வாறு துணிதல் பொருந்தாது. இக்கல்லறை மரபு மௌரியப் பேரரசினும் மூத்தது.

ஆம், இவை கல்லறைகளே. 1947-இல் சித்திரதுர்க்க மாவட்டத்துப் பிரமகிரியில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது கற்பதுக்கைகளுள் கிடைத்தவை மனித எலும்புகளும், இரும்புக் கருவிகளும், கறுப்பும் சிவப்புமான மட்கலங்களுமாம். உடலை வெளியே கிடத்தி, எஞ்சிய எலும்புகளைத் திரட்டி உள்ளே இட்டிருக்கின்றனர். எலும்பை உள்ளிட அமைந்த துளையை வாயில் என்று கருதினால், அதில் நுழைந்தவன் குள்ளனாகத்தானே இருக்கவேண்டும்! கதை பிறந்த வழி இதுவே என்பது எம் துணிபு.

இவ்விடத்து எம் பாட்டியார் சொன்ன வேறொரு கதை நினைவுக்கு வருகிறது. சிறுவராயிருந்தபோது ஊர்ப்புறத்து மேட்டில் புதைந்திருந்த தாழி ஒன்றைப் புதையல் என்றெண்ணி நாங்கள் நால்வர் உடைத்துவிட்டோம். உள்ளே மண்ணும் எலும்புத் துண்டுகளுமே இருந்தன. பாட்டியார் அன்று எங்களுக்குச் சோறிடவில்லை. முன்னாளில் மனிதர்க்குச் சாவே வாராதாம். முதுமையால் உடல் சுருங்கிச் சுருங்கிக் கைக்குழந்தை அளவாகிவிடுவராம். அப்போது தாழியில் அமர்த்தி, சோறும் நீரும் விளக்கும் வைத்து மூடுவராம். "நம் வீட்டுக் கிழவனை உடைத்தீர்களே" என்றார்.

குள்ளர் என்னும் எண்ணம் இதிலும் உண்டு. ஆனால் இங்குத் தாழிக்குள் இருப்பவர் அயலார் அல்லர். நூல்களும் பாட்டியார் பக்கமே நிற்கின்றன. கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனைந்து தரும்படி குயவனை வேண்டுவது புறநானூற்றில் உள்ளது. சுடுதலோடு, குழியில் இடுதலும் தாழியில் கவித்தலும் ஆகிய முறைகளைச் சக்கரவாளக் கோட்டத்தை வருணிக்கும் மணிமேகலை அடுக்கிக் காட்டுகிறது. ஒரே காலத்தில் ஒரே நாட்டார் கைக்கொண்ட வழக்கங்கள் அவை. மறைந்தது வழக்கமேயன்றி மக்களல்லர்.

பெங்களூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ளது கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை. அங்குக் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. அம்மாவட்டத்து மல்லசந்திரத்திலும் கல்வீடுகள் நிற்கின்றன. ஆயினும் புதையல் தேடுவோரின் கடப்பாறைக்கும் கல்லுடைப்போரின் வெடிக்கும் இத்தகைய வீடுகள் எத்தனையோ இரையாகிவிட்டன. குள்ளர் வீடுதானே, கேட்பார் யார்?

ஹிரேபெணகல் 2021-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. அக்குன்றில் உயர்ந்த பாறையொன்றின்மேல் முரசு போன்ற அரைவட்டக் கல் ஒன்றுண்டு. முதியவர் அதன்மீது ஏறிச் சிறு கல்லால் தட்டினார். வெண்கலத்தைத் தட்டியதுபோல் ஓசை எழுந்து, கீழே வயல்வரை சென்றது. அங்கே நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தனர்.