மருந்தைச் சாப்பிடுவதா, எடுப்பதா? – அன்றாட ஆங்கிலம் பாடமான கதை



"டீச்சர், ஐ ஈட் மெடிசின் ஆல்ரெடி." காய்ச்சல் விடுப்பு முடிந்து வந்த ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஆங்கில ஆசிரியையிடம் இப்படிச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். ஆசிரியை உடனே திருத்தினார். "ஈட் இல்ல, டேக்." பிள்ளை விடவில்லை. "ஏன் டீச்சர்?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது அப்படித்தாம்மா சொல்லணும்" என்றார்.

அவர் சொன்னதில் தவறே இல்லை. நாம் தமிழில் மருந்து சாப்பிடுகிறோம். மலாயிலும் 'மாக்கான் உபாட்'தான். ஆங்கிலேயர் மட்டும் அதை 'எடுக்கிறார்கள்'. இதற்கு இலக்கண விதி எதுவும் கிடையாது. சரி, விதி இல்லாத இந்த 'அப்படித்தான் சொல்லணும்' விஷயங்களை முறையாகத் திரட்டி, பிறமொழி மாணவர்களுக்குப் பாடமாக்கியது யார்? லண்டனில் உட்கார்ந்திருந்த பேராசிரியர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அந்த வேலையின் பெரும்பகுதி நடந்தது டாக்காவிலும் தோக்கியோவிலும். செய்தவர்கள் நம்மைப்போல் வகுப்பறையில் நின்ற ஆசிரியர்கள்.

முதலில் டாக்கா. மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1912-இல் இந்தியக் கல்விச் சேவையில் சேர்ந்து வங்காளத்துக்கு வந்தவர். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். அங்கே அவர் கண்ட காட்சி நமக்குப் புதிதல்ல. பிள்ளைகள் இரண்டு மூன்று ஆண்டு ஆங்கிலம் படித்துவிட்டுப் பாதியில் நின்றுவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்களோடு ஆங்கிலத்தில் பேச ஊரில் ஆள் இல்லை. படித்தது அத்தனையும் போச்சு. இதற்கு வெஸ்ட் காப்புறுதித் துறையிலிருந்து ஒரு கருத்தைக் கடன் வாங்கினார். காப்புறுதியைப் பாதியில் நிறுத்தினால் கையில் ஒரு தொகை திரும்பி வருமே, அதுபோல, படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளையின் கையில் மிஞ்சுவது என்ன என்று கேட்டார். 1926-இல் வெளிவந்த தம் இருமொழியம் பற்றிய நூலில் இந்தக் கேள்வியைத்தான் அவர் அடிப்படையாக வைத்தார். பேச ஆள் இல்லாத பிள்ளைக்கு வாசிக்கவாவது தெரிந்திருக்கட்டும் என்பது அவர் கண்ட வழி.

இந்தக் கேள்வி நமக்கு உறைக்க வேண்டும். அதே காலத்தில்தான், 1923-இல், மலாயாவில் தொழிலாளர் சட்டம் வந்தது. 7 முதல் 14 வயது வரையிலான பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது அது. பள்ளி வந்தது, தமிழும் வந்தது. ஆங்கிலம் வேண்டுமென்றால் பட்டணத்துக்குப் போக வேண்டும். போக முடிந்தவர்கள் சிலர்தான்.

வெஸ்ட் வங்காளத்துப் பாடநூல்களைப் புரட்டிப் பார்த்தார். 'ஏர்', 'ஐல்', 'நாட்' என்று கவிதையில் மட்டும் வாழ்ந்துகொண்டிருந்த பழஞ்சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் கிடந்தன. அவற்றை எடுத்துவிட்டு 'பிஃபோர்', 'ஐலண்ட்', 'நத்திங்' என அன்றாடம் புழங்கும் சொற்களை வைத்தார். புதுச் சொற்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நுழைத்தார். 1935-இல் எண்டிகாட் என்பவரோடு சேர்ந்து ஓர் அகராதியும் கொண்டுவந்தார். அதில் 24,000 பதிவுகளுக்கு வெறும் 1,490 சொற்களைக் கொண்டே பொருள் சொல்லியிருந்தார்கள்! பொருளைப் புரிந்துகொள்ள இன்னோர் அகராதியைத் தேட வேண்டிய அவஸ்தை இல்லை.

ஆனால் சொற்களை எண்ணுவதில் ஒரு பொறி இருக்கிறது. 1930-இல் ஆக்டன் என்பவர் 850 சொற்களே போதும் என்று 'பேசிக் இங்கிலிஷ்' என்ற ஒன்றை அறிவித்தார். அதில் வினைச்சொற்கள் 18 மட்டுமே. கேட்க நன்றாகத்தான் இருக்கும். 'டாலரேட்' என்ற சொல்லை விலக்கிவிட்டால் அதற்குப் பதில் 'புட் அப் வித்' வரும். 'புட்', 'அப்', 'வித்' மூன்றுமே பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள்தான். மூன்றும் சேர்ந்தால் 'பொறுத்துக்கொள்' என்று ஆகும் என்பது எப்படித் தெரியும்? பட்டியலில் ஒரு சொல் குறைந்தது, பிள்ளையின் சுமை கூடியது. வெஸ்ட்டும் ஆக்டனின் திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தவர்தான்.

இந்தப் பொறியைத் தெளிவாகக் கண்டுகொண்டவர் தோக்கியோவில் இருந்த ஹாரல்ட் பாமர். பெல்ஜியத்தில் மொழி கற்பித்துக்கொண்டிருந்தவர். 1914-இல் ஜெர்மானியப் படை நுழைந்ததும் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார். 1922-இல் ஜப்பானியக் கல்வித்துறையின் அழைப்பில் அங்கே போனார். மறு ஆண்டே ஆங்கிலக் கற்பித்தலுக்கு ஓர் ஆய்வுக்கழகம் தொடங்கினார். மாணவருக்குத் தடங்கல் தனிச்சொல்லில் இல்லை, சேர்ந்தே வரும் சொற்களில்தான் என்பது அவர் முடிவு. தேநீர் 'ஸ்ட்ராங்'காக இருக்கலாம், 'பவர்ஃபுல்'லாக இருக்க முடியாது. மழை 'ஹெவி'. இங்கே கனமழை என்று நமக்கும் ஒத்துப்போகிறது. எல்லா இடத்திலும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. இப்படிச் சேர்ந்து வரும் சொற்களைத் திரட்டி 1933-இல் ஒரு பெரிய அறிக்கையாகவே வெளியிட்டார் பாமர். தாய்மொழிக்காரர் இதைத் தொகுக்க நினைத்திருக்க மாட்டார், அவருக்கு இதெல்லாம் கண்ணிலேயே படாது. பிறமொழி மாணவன் இடறி விழும்போதுதான் அங்கே ஒரு கல் கிடப்பது தெரிகிறது.

அந்தத் தொகுப்பு வேலையில் பெரும்பங்கு ஏ. எஸ். ஹார்ன்பி என்பவருடையது. 1924-இல் கியூஷு தீவின் ஒய்த்தா நகருக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போன இளைஞர். இலக்கியம் நடத்தப் போன இடத்தில், மாணவர்களுக்கு முதலில் தேவை மொழிதான் என்று கண்டுகொண்டார். 1936-இல் பாமர் நாடு திரும்பிவிட்டார். ஹார்ன்பி இரண்டு நண்பர்களோடு உட்கார்ந்து, கற்பவருக்கென்றே ஓர் அகராதியை எழுதி முடித்தார். 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்' போன்ற சொற்களுக்குப் பன்மை வராது என்பதற்கு அதில் குறி இருக்கும். ஒவ்வொரு வினைச்சொல்லும் எந்த அமைப்பில் வரும் என்பதை 25 வாய்பாடுகளாகப் பிரித்திருந்தார். 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதிவரும் மாணவனுக்கு விடை அகராதியிலேயே கிடைத்துவிடும்.

அதற்குள் போர் வந்துவிட்டது. 1941 டிசம்பரில் ஹார்ன்பி காவலில் வைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு கைதிகள் பரிமாற்றத்தில் இங்கிலாந்து சேர்ந்தார். அந்த 1942-இலேயே, இங்கிலாந்தோடு போரில் இருந்த ஜப்பானில், அவருடைய ஆங்கில அகராதி அச்சாகி வெளிவந்தது! அதே ஆண்டில் இங்கே மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தை மூடிவைத்துவிட்டு நிப்போங்கோ படித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் தாத்தா பாட்டி வாயிலிருந்து ஒன்றிரண்டு ஜப்பானியச் சொற்கள் வந்ததை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1948-இல் ஆக்ஸ்ஃபர்டு பதிப்பகம் அந்தத் தோக்கியோ அச்சையே படம்பிடித்து மறுபதிப்பாக வெளியிட்டது. இன்று நம் மாணவர் பையில் கிடக்கும் 'அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ்' அகராதி அதன் வழிவந்ததுதான்.

இதில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சிங்கப்பூரில் பல பிள்ளைகளுக்கு வீட்டுமொழி ஆங்கிலம் ஆகிவிட்டது. இங்கேயும் பட்டணத்துப் பள்ளிகளில் அந்த நிலை வந்துகொண்டிருக்கிறது. அவர்கள் தமிழில் 'மருந்து எடு' என்பார்கள். இப்போது இடறுவது தமிழில். 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு இத்தகைய வழக்குகள் கிடைக்கின்றன. 'போடு' என்ற சொல்லை மட்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நான் என் வகுப்பில் பாமர் செய்ததைச் சின்ன அளவில் செய்துபார்த்தேன். "வீட்டுல பெரியவங்க பேசுறதக் கேட்டு, 'போடு' எதோடெல்லாம் வருதுன்னு எழுதிட்டு வாங்க" என்றேன். கையெழுத்துப் போடு, கோலம் போடு, சட்டை போடு, சண்டை போடு, குட்டி போடு, முட்டை போடு என்று மறுநாள் பலகை நிறைந்துவிட்டது. அந்த மருந்துப் பிள்ளை "பாட்டி தேத்தண்ணி போடுன்னு சொல்ல மாட்டாங்க டீச்சர், கலக்குன்னுதான் சொல்வாங்க" என்றாள். அதைத் தனியாக எழுதிவைத்தோம். கடைசி வரிசைப் பையன் ஒருவன் 'நாமம் போடு' என்று எழுதி வந்திருந்தான். யாரிடம் கேட்டாய் என்று நான் விசாரிக்கவில்லை.