கடற்பஞ்சும் ஒருகல உயிரியும்: ஓர் எல்லை வழக்கின் வரலாறு

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் கிணறு வெட்டுகிறவர்களுக்குச் செம்மண் கொஞ்ச ஆழம்தான்; அதற்குக் கீழே கல். அலவாங்குக்கு இலகுவில் இடங்கொடாத அந்தச் சுண்ணக்கல் மியோசீன் காலத்துக் கடலடியில் படிந்தது. வெட்டியெடுத்த துண்டொன்றைக் கழுவிக் கைவில்லையால் பார்த்தால், சிப்பிகள் விட்டுப்போன அச்சுகளுக்கிடையே சில மில்லிமீட்டர் அகலமான வட்டங்களும் மெல்லிய வரிகளும் தென்படலாம். எல்லாத் துண்டிலும் இவை கிடையா. கல்லின் பெரும்பகுதி மீண்டும் படிகமாகி, உயிரின் தடயத்தை அழித்துவிட்டது. தப்பியவற்றில் போராமினிபெரா எனப்படும் ஒருகல உயிரிகளின் ஓடுகளும் உண்டு. உடல் ஒரே கலம்; அது குடியிருந்த ஓடோ அறை அறையாகப் பிரிந்தது. ஓட்டின் பொருள் கல்சியம் காபனேற்று. அதனால்தான் இந்தக் கல்லில் அமிலத் துளி பட்டதும் நுரைக்கிறது.

போராமினிபெராவுக்கும் கடற்பஞ்சுக்கும் என்ன உறவு என்று இன்றைய உயர்தர மாணவர் ஒருவரைக் கேட்டால், ஒன்று ஒருகல உயிரி, மற்றது பல்கல விலங்கு என்று உடனே பிரித்துச் சொல்வார். 19ஆம் நூற்றாண்டில் அவ்வளவு தெளிவு இருக்கவில்லை. இரு காணிகளுக்கும் இடையில் வேலி எங்கே என்பதே பெரிய வழக்காக இருந்தது. அந்த வழக்கை ஐரோப்பிய ஆய்வுகூடங்களின் கதையாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். பம்பாயின் குளங்களும் கொல்லத்துக் கல்லும் மன்னார்க் கடலும் அதற்குத் தந்த சாட்சியங்களையும், அவற்றை ஆராய்ந்த ஒரு மருத்துவரையும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அவர் ஹென்றி ஜோன் கார்ட்டர் (1813–1895), பம்பாய்ப் படையின் மருத்துவர். கடற்பஞ்சு தாவரமன்று என்ற அளவில் வழக்கு ஏற்கெனவே முன்னேறியிருந்தது. 1825 அளவில் ரொபேட் கிராண்ட் அதன் பெருந்துளைகளிலிருந்து நீரோட்டம் வெளிவருவதை நுணுக்குக்காட்டியில் கண்டிருந்தார். நீரைத் தள்ளுவது எது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. கார்ட்டர் 1849இல் பம்பாய்த் தீவின் நன்னீர்ப் பஞ்சுகளைப் பற்றி விரிவாக எழுதினார். கோடையில் குளம் வற்றும்போது பஞ்சு காய்ந்து உதிரும். விதை போன்ற சிறு உருண்டைகள் மட்டும் எஞ்சி, மழை வந்ததும் முளைக்கும். அவற்றிலிருந்து வெளிவந்த கலங்கள் போலிப்பாதம் நீட்டி அமீபாவைப்போல் ஊர்ந்தன. ஊர்வதும் இரை விழுங்குவதும் அமீபா என்றால், பஞ்சும் அமீபாக்களின் கூட்டம்தானே? கண்ணால் கண்டவருக்கு அது நியாயமான கேள்விதான். 1857இல் நிறத்தூளை நீரில் கலந்து, அது பஞ்சுக்குள் எங்கே போய்ச் சேர்கிறது என்று தேடினார். உள்ளே சிறு பைகள். அவற்றின் சுவரில் சவுக்குமுளை கொண்ட கலங்கள். தூளைப் பிடித்தவை அவையே.

அடுத்த பத்தாண்டில் அமெரிக்கரான ஹென்றி ஜேம்ஸ்-கிளார்க் அக்கலங்களின் சவுக்குமுளையைச் சுற்றி ஒரு மெல்லிய கழுத்துப்பட்டி இருப்பதைக் கண்டார். நீரில் தனித்து வாழும் சில சவுக்குமுளை உயிரிகளிலும் அதே அமைப்பு. ஆகவே பஞ்சு என்பது அவற்றின் குடியிருப்பு என்று முடிவு கட்டினார். சவில் கென்ட் 1880–82இல் வெளியிட்ட பெருநூலில் பஞ்சுகளைப் புரோட்டோசோவா என்ற ஒருகல உயிரிகளின் பிரிவுக்குள்ளேயே வைத்தார். மறுபக்கத்தில் ஹெக்கல், 1872இல் சுண்ணப் பஞ்சுகளைப் பற்றிய தம் நூலில், முளைய வளர்ச்சியைக் காட்டி அவை பல்கல விலங்குகளே என்றார்.

இந்த இழுபறியின் உச்சக் காட்சி ஹலிபைசெமா என்ற மிகச் சிறிய கடலுயிரி. பார்வைக்குத் தண்டில் நிற்கும் குட்டிப் பஞ்சு. உடலெங்கும் பஞ்சின் நுண்முட்கள். போவர்பாங்க் அதைப் பஞ்சென்றே பெயரிட்டிருந்தார். ஹெக்கல் 1877இல் அவ்வகையைத் தனி விலங்குக் குழுவாகவே உயர்த்தினார். ஆனால் கார்ட்டர் 1870இலேயே அதைப் போராமினிபெராவில் சேர்த்துவிட்டார். அவர் சொன்னதே சரி என்று பின்னர் உறுதியாயிற்று: பஞ்சுகள் உதிர்த்த முட்களைப் பொறுக்கித் தன் ஓட்டில் ஒட்டிக்கொள்ளும் ஒற்றைக் கலம் அது. ஹெக்கலின் அழகான படங்களைவிடக் கார்ட்டரின் பொறுமையான கண்ணுக்கு இந்த இடத்தில் கூடுதல் மதிப்புக் கொடுக்கலாம்.

இரண்டு பக்கமும் பழகிய கண் அது. 1853இலேயே கொல்லத்துச் சுண்ணக்கல்லிலிருந்து வட்டத்தட்டு வடிவான போராமினிபெரா ஒன்றை அவர் விவரித்து, மலபாரிக்கா என்று பெயரிட்டிருந்தார். இலங்கையின் மியோசீன் படிவுகளைப் பற்றி 1923இல் வேலண்டும் டேவிஸும் எழுதியபோது, அவற்றைக் கொல்லத்துப் படிவுகளோடு பொருத்திப் பார்க்க இவ்வுயிரி உதவிற்று. பாக்கு நீரிணை இன்றைய வடிவில் இல்லாத காலத்து ஆழமற்ற வெப்பக்கடல் இரு கரைக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

மன்னாரும் கார்ட்டரின் மேசைக்கு வந்தது. கப்டன் வாரன் மன்னார் வளைகுடாவில் வாரியெடுத்து லிவர்பூல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த மாதிரிகளை அவர் 1880–81இல் விவரித்தார். முத்துச்சலாபம் பொய்த்ததற்குக் காரணம் தேடி 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் இலங்கைக்கு வந்தார். அவர் சேகரித்த பஞ்சுகளை 1905இல் ஆதர் டென்டி ஆராய்ந்தார். முத்துச்சிப்பியின் ஓட்டைத் துளைக்கும் கிளியோனா மார்கரிட்டிபெரா அப்போது பெயர் பெற்றது. இத்தகைய பஞ்சின் கலங்கள் ஓட்டின் சுண்ணத்தை விளிம்பில் மட்டும் கரைத்து, நடுவை மணிமணியாகப் பெயர்க்கின்றன. வெளியே ஊசிக்குத்துத் துளைகள்தான் தெரியும்; உள்ளே ஓடு அரித்துப்போயிருக்கும்.

1907இல் எச். வி. வில்சன் பஞ்சொன்றைப் பட்டுத்துணியில் பிழிந்து தனிக்கலங்களாக்கினார். அவை ஊர்ந்து ஒன்றுசேர்ந்து மறுபடி பஞ்சாயின. குடியிருப்பு என்றவர்களுக்கும் விலங்கு என்றவர்களுக்கும் இதில் ஆளுக்கொரு சான்று இருந்தது! தீர்ப்பு மரபணுவில்தான் கிடைத்தது. 2008இல் மொனோசிகா என்ற கழுத்துப்பட்டி ஒருகல உயிரியின் மரபணுத்தொகுதி வெளியாயிற்று. விலங்குக் கலங்களை ஒட்டவைக்கும் புரதங்களுக்கான மரபணுக்கள் அதிலும் இருந்தன. 2010இல் கடற்பஞ்சின் தொகுதியும் வந்தது. பஞ்சு விலங்குதான்; ஆனால் விலங்குகள் அனைத்துக்கும் மிக நெருங்கிய ஒருகல உறவு அந்தக் கழுத்துப்பட்டி உயிரிகளே. ஜேம்ஸ்-கிளார்க் கண்ட ஒற்றுமை வெறும் தோற்றமயக்கம் அன்று என்றே பலரும் கொள்கிறார்கள். உடைந்துபோனது புரோட்டோசோவா என்ற பழைய பிரிவுதான். போராமினிபெரா இப்போது ரைசாரியா என்ற வேறு பெருங்கிளையில் இருக்கிறது. ஒரே பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்த இரண்டு ஒருகல உயிரிகளில் ஒன்று நம்முடைய கிளை. கோப்பாய்க் கல்லில் ஓடு விட்டுப்போனது அதற்கு, பஞ்சையும் நம்மையும்விடத் தூரத்து உறவு.