ஹிந்திப் படத்துக்கு ஒரு மாளிகை

1940களில் தென் பம்பாயில் நல்ல தியேட்டர் என்றாலே இங்கிலீஷ் பட தியேட்டர்தான். கொலாபாவில் 1933இல் ரீகல் வந்தது. ஏ.சி. அரங்கு, காரை நிறுத்த நிலத்தடியில் இடம் என்று அந்தக் காலத்துக்குப் பெரிய ஆடம்பரம். 1938இல் சர்ச்கேட் ஸ்டேஷன் எதிரே ஈராஸ், தோபி தலாவில் மெட்ரோ. மெட்ரோவைக் கட்டியதே ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். கம்பெனிதான், தன் படங்களை ஓட்டிக்கொள்ள. ஹிந்திப் படம் பார்க்க வேண்டுமா, லாமிங்டன் ரோடு பக்கம் போய்க்கொள்ளுங்கள்! எடுப்பவர்களும் இதே ஊர், பார்ப்பவர்களும் இதே ஊர். மெத்தை நாற்காலி மட்டும் வெளியூர்ப் படத்துக்கு.

இதற்கு ஹபீப் ஹுசேன் என்பவர் கொடுத்த பதில் ஒரு கட்டடம். மெட்ரோவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், மரீன் லைன்ஸில், எந்த இங்கிலீஷ் தியேட்டருக்கும் சளைக்காத ஓர் அரங்கு. ஆனால் ஓடுவது ஹிந்திப் படம். வேலை தொடங்கியது 1947இல். அந்த வருஷம் பெயருக்கா பஞ்சம்? ‘லிபர்ட்டி’ என்று வைத்துவிட்டார்.

வரைபடம் போட்டவர் ரிட்லி அப்பாட். கட்டடம் முடிவதற்குள் விமான விபத்தில் அவர் இறந்துபோக, மீதி வேலையை ஜே.பி. ஃபெர்னாண்டஸ் ஏற்று முடித்தார். உள் அலங்காரம் வாமன் நம்ஜோஷியிடம் வந்தது. கட்டட நிபுணர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, லிபர்ட்டியை லிபர்ட்டி ஆக்கியவர் அவர்தான் என்பேன்.

ஆர்ட் டெக்கோ பாணியில் அடிக்கடி வரும் ஓர் உரு, உறைந்த நீரூற்று. நம்ஜோஷி அதைத் திரைக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினார். தரையிலிருந்து கிளம்பி, மேலே போகப் போக விரிந்து, அடுக்கடுக்காகச் சரியும் ஊற்று. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பின்னால் ஒளித்துவைத்த விளக்குகள்தான் அதை வழிய வைக்கின்றன. விளக்கைக் கண்ணில் காட்டாமல் வெளிச்சத்தை மட்டும் காட்டுவது அவருக்குக் கைவந்த வித்தை. சுவர்களில் மரப்பலகை வேலை, படிப்படியாக உள்வாங்கும் விளிம்புகள், கூர்மை தெரியாமல் மழுக்கிவிட்ட மூலைகள். சுமார் 1,200 பேர் உட்காரும் இடம் என்பதே மறந்துபோகும். படம் அறுவையாக அமைந்த நாளிலும் அங்கே எனக்கு டிக்கெட் காசு வீணானதில்லை. படம் தொடங்கும்வரையும் இடைவேளையிலும் ஊற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம்.

1949இல் முதல் படமாக வந்தது மெஹபூப் கானின் ‘அந்தாஸ்’. நர்கிஸ், திலீப் குமார், ராஜ் கபூர் மூவரும் நடித்தது. பியானோவும் பங்களாவும் பார்ட்டியுமாக நகரும் பணக்கார வீட்டுக் கதை. திரை எங்கே முடிகிறது, தியேட்டர் எங்கே தொடங்குகிறது என்று சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் ஒரே சாயல். எட்டு வருஷம் கழித்து, 1957இல், அதே மெஹபூப் அதே நர்கிஸோடு ‘மதர் இந்தியா’வைக் கொண்டுவந்தார். இந்த முறை திரையில் வெள்ளமும் சேறும் கலப்பையும். ஹுசேன் கட்டியதற்கு உண்மையான நியாயம் கிடைத்தது அன்றுதான் என்று எனக்குத் தோன்றும். வைக்கோல் போருக்கு இந்த அரங்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

1994இல் கேபிள் டி.வி.யும் வீடியோவும் தியேட்டர்களைக் காலி செய்துகொண்டிருந்த நேரத்தில், ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ இங்கே 100 வாரங்களைத் தாண்டி ஓடியது. அதில் சல்மான் கானுக்குப் பாடியவர் நம் எஸ்.பி.பி. அந்தச் சுவர்களுக்குள் அவர் குரல் அத்தனை வாரம் நாள் தவறாமல் ஒலித்ததை நினைத்தால், நமக்கும் அங்கே ஒரு ஸீட் உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

நம்ஜோஷி பிறகு ஜெய்ப்பூரில் ராஜ்மந்திர் தியேட்டரை வடிவமைத்தார். 1976இல் திறந்தது. சுற்றுலா போகிறவர்கள் அரண்மனைகளோடு அதையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் திகட்டும். கிரீம் கூடிப்போன கேக். லிபர்ட்டியில்தான் அவர் கை அளவோடு நின்றது.

பழையபடி தினமும் காட்சி என்ற நிலை லிபர்ட்டியில் போய்விட்டது. திரைப்பட விழா மாதிரி ஏதாவது நடந்து, உள்ளே போக வாய்த்தால், பால்கனி டிக்கெட்டாகவே எடுங்கள். படம் தொடங்கக் கால் மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டால் ஊற்று தெரியாது.