புள்ளடி

புள்ளடி என்றதும் ஈழத்தவரான எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வாக்குச்சீட்டுத்தான். சின்னத்துக்கு நேரே புள்ளடி இடுவதென்றே ஊரிற் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் எழுத்துலகில் இச்சொல்லுக்கு வேறொரு வேலையும் உண்டு. புள் என்றால் பறவை. புள்ளடி அதன் காலடி. எழுதிச் செல்கையில் ஒரு சொல் தவறிப்போனால், தவறிய இடத்தைக் காட்ட இடும் கூரிய சிறு குறியும் புள்ளடியே. வடமொழிச் சுவடிகளில் இது காகபாதம்; தெலுங்கரும் கன்னடரும் ஹம்ஸபாதம் என்பர். ஆங்கிலத்தில் வழங்கும் 'கரெற்' என்ற பெயரில் மாத்திரம் பறவை இல்லை. அது ஓர் இலத்தீன் வினைச்சொல். 'குறைகிறது' என்பது அதன் பொருள்.

குறைவதைக் குறிக்காமல் விட்டதனால் வந்த கேட்டுக்கு 1631ஆம் ஆண்டு லண்டனில் அச்சான வேதாகமம் பேர்போன சாட்சி. பத்துக் கட்டளைகளில் விபசாரத்தை விலக்கும் கட்டளையில் எதிர்மறைச் சொல் விடுபட்டு, விபசாரம் செய்வாயாக என்று அச்சேறிவிட்டது. ஆங்கிலத்தில் அது மூன்றெழுத்துச் சொல். மெய்ப்புத் தாளில் ஒரு குறி இட்டிருந்தாற் போதும். அரச அச்சாளரான றொபேட் பார்க்கருக்கும் மார்ட்டின் லூக்காசுக்கும் 300 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. பிரதிகள் தேடி அழிக்கப்பட்டன.

எங்கள் ஏடுகளில் நேர்ந்தது இதற்கு மறுதலையான கேடு. எழுத்தாணியாற் கீறியதை அழித்தெழுத முடியாது. தவறியதை வரிகளுக்கிடையிலோ ஓரத்திலோ எழுதவேண்டும். அடுத்த தலைமுறையில் அந்த ஏட்டைப் பார்த்துப் பிரதி செய்பவர் ஓரத்தில் இருந்ததையும் வரிக்குள் சேர்த்துக்கொள்வார். அது விடுபட்ட மூலமா, படித்த ஒருவரின் சொந்தக் கருத்தா என்பது அதன்பின் எவருக்கும் தெரியாது. குறி மறைந்து, செருகியது மூலமாகிவிடும். கம்பராமாயணத்தில் இப்படி நுழைந்த பாடல்களுக்கு வெள்ளிபாடல் என்று தனிப் பெயரே ஏற்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏடுகளை அச்சுக்குக் கொண்டுவந்தவர்கள் இந்தச் சிக்கலுடன்தான் மல்லாடினார்கள். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தொட்டால் நொறுங்கும் ஏடுகளின் நிலையை மனம் நொந்து எழுதினார். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை வெளியிட்டார். அதில் 267ஆம், 268ஆம் பாடல்கள் இல்லை. சிதைந்த பாடல்களும் பல. பாட்டெழுதும் வல்லமை ஐயருக்கு இருந்தது. ஆயினும் இரண்டு பாட்டு இயற்றி அவர் அந்த இடத்தை நிரப்பவில்லை. பின்வரும் பாடல்களின் எண்களை முன்னே இழுத்து இழப்பை மூடவுமில்லை. இன்றும் 266க்கு அடுத்து 269ஐத்தான் படிக்கிறோம்.

இதை இப்போது நினைவூட்டக் காரணம் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்களுடன் ஓலைச்சுவடிகளும் போயின. கட்டடம் புதுக்கப்பட்டு 2003இல் மீண்டும் திறக்கப்பட்டது. வேறு பிரதி இல்லாத ஏடுகள் திரும்பவில்லை. அதன்பின் போர் வீடுகளையும் கடிதங்களையும் ஊர்ப் பதிவுகளையும் தின்றது. ஆகவே புலம்பெயர்ந்த நாங்கள் ஞாபகத்தை நம்பியே வரலாறு எழுதுகிறோம். வேறு வழியுமில்லை. எண்பதுகளில் ஐரோப்பாவில் கையெழுத்தில் வந்த எமது சிற்றிதழ்களில், தவறிய சொல்லை மேலே எழுதிக் கீழே குறியிட்டிருப்பார்கள். எது பிறகு சேர்ந்தது என்பது வாசகருக்குத் தெரிந்தது. கணினியிலோ செருகிய சொல் தடமின்றி வரியோடு கலந்துவிடுகிறது. ஏட்டைப் பிரதி செய்தவர் கையில் நடந்ததும் இதுவே.

நினைவிலிருந்து எழுதுவதை நினைவு என்றும், கேட்டதைக் கேட்டது என்றும், ஊகத்தை ஊகம் என்றும் சொல்லி எழுதுவோம். பெயர் தெரியாத இடத்தில் பொருத்தமான ஒரு பெயரைப் போட்டுவிடாமல், தெரியவில்லை என்றே எழுதுவோம். அந்தப் பெயரை அறிந்த ஒருவர் எங்கோ ஒரு நகரில் இருக்கக்கூடும். இடம் வெறுமையாக இருந்தாற்றான் அவர் அதை எழுதி அனுப்புவார்.