ஏலத்திற்கு வந்த அரங்கு

ஆங்கில நாடகம் என்றதும் இலண்டன் மாநகரமே நம் நினைவிற்கு வருகின்றது. எனினும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்நாட்டு நாடக வாழ்வில் நிகழ்ந்த பெருமாற்றத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், தலைநகரை விட்டு விலகி மாகாண நகரொன்றையே நாம் நோக்குதல் தகும். மேற்கு இங்கிலாந்தின் துறைமுக நகராகிய பிறிஸ்டலில் உள்ள ‘தியேட்டர் றோயல்’ என்னும் அரங்கின் கதை இவ்வகையிற் சிறந்த சான்றாகும்.

1766 மே 30ஆம் நாள் திறக்கப்பட்ட அவ்வரங்கு வணிகரின் பணத்தில் எழுந்தது. ஐம்பது பவுண் கொடுத்த பங்காளர் ஒவ்வொருவரும் வெள்ளியாலான அனுமதிச் சின்னமொன்றைப் பெற்றனர். அடிமை வியாபாரத்தாற் கொழுத்த நகரம் அது. அப்பங்காளரிற் சிலரது செல்வத்தில் ஆபிரிக்க மக்களின் குருதி கலந்திருந்தது. பின்னர் செல்வர் நகரின் மேட்டுப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். 1867இல் அவர்களுக்கென வேறோர் அரங்கும் எழுந்தது. கப்பல்துறையை அண்டிய பழைய அரங்கில் உணர்ச்சி நாடகங்களும் நத்தார்க் காலத்துப் ‘பன்ரமைம்’ வேடிக்கைகளும் ஆடப்பட்டன. கனவான்கள் கைவிட்ட இடத்தை எளிய மக்களின் சிரிப்பே உயிருடன் வைத்திருந்தது.

1940 நவம்பர் 24ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானங்கள் பொழிந்த குண்டுகளுக்கு, புதிய அரங்கு இரையாயிற்று. பழைய அரங்கு தப்பியது. ஆனால் குண்டுக்குத் தப்பிய அரங்கு சந்தைக்குத் தப்பவில்லை. 1942இல் அது விற்பனைக்கு வந்தது. நகர மக்கள் கிளர்ந்தெழுந்து நிதி திரட்டி, நம்பிக்கைப் பொறுப்பொன்றை அமைத்து, அதனை வாங்கினர்.

அக்காலத்திற்கு முன்பு நாடகத்திற்கு உதவுவது தன் கடமையென ஆங்கில அரசு கருதியதில்லை. நாடகம் ஒரு வியாபாரம். இலாபமிருந்தால் நடக்கும், இல்லையேல் மூடப்படும் என்பதே அரசின் கொள்கை. போர் அதனை மாற்றிற்று. துன்புறும் மக்களின் மனவுறுதியைக் காப்பதற்காக 1940இல் இசை, கலை ஊக்குவிப்புச் சபை தோன்றியது. முதலில் தனியார் அறநிதி ஒன்று 25,000 பவுண் வழங்கிற்று. பின்னர் திறைசேரி பொறுப்பேற்றது. ‘ஓல்ட் விக்’ நாடகக் குழு தன் தலைமையகத்தை நெசவாலை நகராகிய பேர்ன்லிக்கு மாற்றியது. சிபில் தோண்டைக்கும் அவர் கணவர் லூயிஸ் காசனும் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’தை ஆடினர். உயர்ந்த நாடகம் உழைப்பாளிக்கு விளங்காது என்ற கட்டுக்கதை அவ்வூர்களிலே உடைந்தது.

பிறிஸ்டல் அரங்கை அச்சபை குத்தகைக்கு எடுத்தது. 1943 மே 11ஆம் நாள், போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, கோல்ட்ஸ்மித்தின் பழைய இன்பியல் நாடகம் ஒன்றுடன் அதன் கதவுகள் மீண்டும் திறந்தன. 1946இல் ‘பிறிஸ்டல் ஓல்ட் விக்’ என்னும் நிலையான குழு அங்கு அமைந்தது. அவ்வாண்டே ஊக்குவிப்புச் சபை கலைக் கழகமாக மாறியது. உள்ளூராட்சி மன்றங்கள் வரிப்பணத்திற் கலைக்குச் செலவிடலாமென 1948ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது.

இதனால் விளைந்த பயன் யாது? 1954ஆம் ஆண்டை நோக்குவோம். கேட்போரை ஆடவைக்கும் மாயப் பியானோ ஒன்றைப் பற்றிய ‘சலட் டேய்ஸ்’ என்ற இசை நாடகம் அவ்வாண்டுக் கோடையில் அங்கு அரங்கேறியது. பதினான்கு ஆண்டுகளாக நீடித்த உணவுப் பங்கீடு முடிவுற்ற காலம் அது. மக்கள் சிரிக்க விரும்பினர். அச்சிரிப்பை நாம் இகழ்தல் தகாது. இலண்டனுக்குச் சென்ற அந்நாடகம் 2,283 முறை ஆடப்பட்டது. அதன் வருவாயிலொரு பகுதி பிறிஸ்டலில் நடிகரைப் பயிற்றும் பள்ளிக்குக் கட்டடம் வாங்க உதவிற்று.

அதே ஆண்டு நவம்பரில், அதே மேடையில், ஆதர் மில்லரின் ‘த குருசிபிள்’ பிரித்தானியாவில் முதன்முறையாக ஆடப்பட்டது. சூனியக்காரர் வேட்டை பற்றிய அந்நாடகம் அமெரிக்காவின் கம்யூனிஸ்ட் வேட்டையைச் சாடுவதென்பதை யாவரும் அறிவர். அவ்வாண்டே மில்லருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டிருந்தது. இலண்டன் மேடையை அந்நாடகம் அடைந்தது 1956இலேயே. இலாபத்தை எண்ணும் முதலாளிகள் தயங்கிய இடத்தில், பொதுப் பணத்தில் வாழ்ந்த மாகாண அரங்கு துணிந்தது. மக்கள் விரும்பும் வேடிக்கையும் மக்களுக்கு வேண்டிய உண்மையும் ஒரே கூரையின் கீழ் வாழமுடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும் கதையின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. தொழிலாளரை நாடி ஊர் ஊராகத் திரிந்த ஜோன் லிட்டில்வுட்டின் ‘தியேட்டர் வேர்க்சொப்’ குழுவிற்குக் கலைக் கழகத்திடமிருந்து கிடைத்தது மிகச் சொற்பமே. கட்டடத்தைக் காப்பதில் அரசு காட்டிய அக்கறையை, அதனுள் யார் அமர்கின்றனர் என்பதிற் காட்டவில்லை. பண்பட்ட நாடகம் வந்தபோது, மலிந்த விலையில் மேன்மாடத்திலிருந்து கூவிய பழைய துறைமுகத்து இரசிகன் எங்கே சென்றான் என எவரும் தேடவில்லை.

அரங்கொன்றை ஏலத்திலிருந்து மீட்பது பெரிது. அதனை உழைக்கும் மக்களிடம் மீட்டுக் கொடுப்பது அதனினும் பெரிது. முதற்பணியைப் பிறிஸ்டல் மக்கள் குண்டுமழைக்கிடையிற் செய்து முடித்தனர். இரண்டாவது பணி, எந்நாட்டிலும், இன்னும் எஞ்சியே நிற்கின்றது.