கடல் தாண்டினால் கடன் தீருமா?

எங்கட ஊர்ப் பக்கம் ஜனாஸா தொழுகைக்கு முன்னால் குடும்பத்தில் ஒருவர் எழும்பி ஒரு அறிவித்தல் சொல்வார். மௌத்தானவர் யாருக்காவது கொடுக்க இருந்தால் எங்களோடு கதைத்துக்கொள்ளுங்கள் என்பார். பிறகு பலசரக்குக் கடைக்காரர் வருவார், உரம் கடனுக்குக் கொடுத்தவர் வருவார். இறைவரித் திணைக்களத்தில் இருந்து ஒருவர் வந்து நின்றதை நான் இன்னும் காணவில்லை.

அதனால்தானோ என்னவோ, அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டியதை நாங்கள் கடனாகவே எண்ணுவதில்லை. அதிலும் ஆள் வெளிநாடு போய்ட்டா கதை முடிஞ்சுது எண்டுதான் பேச்சு. "கட்டாருல இரிக்கிறவனுக்கிட்ட வந்தா வரி கேக்கப் போறானுகள்?" மருதமுனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எந்தத் தேத்தண்ணிக் கடையில் இருந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழும்.

கேள்வி நியாயமானது. வரலாற்றில் அதற்கு இரண்டு விதமான பதில் இருக்கிறது. ஒன்று வயலில் இருந்து வருகிறது, மற்றது டில்லியில் இருந்து வருகிறது.

முதலில் வயல். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் தனியாகப் பிரிந்தது. அதற்கு முன் கல்முனை, சம்மாந்துறை எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். பிரிட்டிஷ்காரர் காலத்தில் இலங்கையில் நெல் விளைச்சலில் ஒரு பங்கு அரசுக்குப் போக வேண்டும். அந்த வரியை அறவிடும் உரிமையை அரசு ஏலத்தில் விற்கும். ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரர் வைத்ததுதான் சட்டம்.

இந்தக் கொடுமையை நிறுத்துகிறோம் என்று சொல்லி 1878இல் நெல் வரிச் சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். வயலை மதிப்பிட்டு, ஆண்டுக்கு இவ்வளவு காசு என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் முறை பரவியது. குத்தகைக்காரர் போனார், பதிவேடு வந்தது. மழை பொய்த்தாலும் பதிவேட்டில் உள்ள தொகை குறையாது. கட்டாவிட்டால் வயலையே ஏலம் போடலாம்.

ஏலம் போட்டார்கள். 1880களில் கோப்பி நோயில் அழிந்து, மலைநாட்டுச் சனத்தின் கையில் காசு ஓட்டம் நின்ற நேரம், நுவரெலியா மாவட்டத்து வலப்பனையில் சொற்பப் பாக்கிக்காக வயல்கள் விற்கப்பட்டன. அந்த மாவட்டத்தின் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியரே இதை வெளியே கொண்டு வந்தார். வயலை இழந்து ஊரை விட்டே போன குடும்பங்களைப் பற்றியும் அப்போதுதான் வெளியில் தெரிந்தது. விசயம் இங்கிலாந்து வரைக்கும் போய், ஆளுநர் ஹவ்லொக் காலத்தில் 1892இல் நெல் வரியை ஒழித்தார்கள். விற்ற வயல் விற்றதுதான்.

இதில் கவனிக்க ஒரு விசயம் இருக்கிறது. வலப்பனைக்காரன் எங்கே போனாலும் அரசுக்குக் கவலையில்லை. அவனைத் தேடிப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. அவன் விட்டுப்போன வயல் அங்கேயே கிடந்தது. ஆள் ஓடலாம், வயல் ஓடாது.

இனி டில்லி. அந்த நகரத்துக்கு மின்சாரம் கொடுத்தது இங்கிலாந்தில் பதிவு செய்த ஒரு கம்பெனி, பெயர் டெல்லி எலக்ட்ரிக் சப்ளை அண்ட் டிராக்‌ஷன். இந்தியா சுதந்திரம் பெற்ற அதே 1947இல் தன் தொழிலை 82 இலட்சம் ரூபாய்க்கு மேல் இந்திய அரசுக்கே விற்றது. காசை இங்கிலாந்துக்கு அனுப்பியது. 1949இல் கம்பெனியைக் கலைக்கும் வேலையும் தொடங்கியது. விற்றதில் கிடைத்த இலாபத்துக்கு வரி கட்டு என்று இந்தியா கேட்டபோது, கம்பெனியைக் கலைக்கும் பொறுப்பில் இருந்தவர்கள் மறுத்துவிட்டார்கள்.

வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1955இல் தீர்ப்பு வந்தது. ஒரு நாட்டு நீதிமன்றம் இன்னொரு நாட்டின் வரியை வசூலித்துக் கொடுக்காது, இந்தியாவின் கோரிக்கை செல்லாது. இது அன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்த விதி இல்லை. மான்ஸ்ஃபீல்ட் பிரபு 1775இலேயே இந்தக் கருத்தைச் சொல்லியிருந்தார். வரி கேட்பது ஒரு அரசு தன் ஆட்சி அதிகாரத்தைக் காட்டுவது, அதை அடுத்தவன் மண்ணில் காட்ட விடமுடியாது என்பதுதான் இதற்குச் சொல்லும் நியாயம். நியாயம் சரியாகவே இருக்கலாம். ஆனால் இலாபம் உண்டான மண்ணுக்கு வரி கிடைக்கவில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில்லறைப் பாக்கிக்கு வயல் போனது, இலட்சக்கணக்கான ரூபாய் கடல் தாண்டித் தப்பியது. குடியானவன் கெட்டவன், கம்பெனி கெட்டிக்காரன் என்பதல்ல காரணம். சொத்தைச் சுருட்டிக்கொண்டு போக முடிந்தவனை வரிக்கடன் தொடரவில்லை. முடியாதவனைத்தான் பிடித்தது.

அப்படியென்றால் நாங்கள் யார்? கட்டாரில் இரிக்கிற எங்கட காக்கா அந்தக் கம்பெனி மாதிரியா, வலப்பனைக்காரன் மாதிரியா?

எங்கட பக்கத்தில் ஒருவர் ஏன் வெளிநாடு போகிறார்? பெரும்பாலும் தங்கச்சிமாருக்கோ மகள்மாருக்கோ "ஊடு" கட்டத்தான். பாலைவனத்தில் உழைத்த காசு இங்கே சுவராக, கடையாக, வயலாக, வங்கி வைப்பாக நிற்கிறது. அவர் அங்கே விட்டு வைத்திருப்பது ஒரு கட்டில் மட்டும்தான். உடம்பு வெளியே, உடைமை எல்லாம் உள்ளே. நாங்கள் வலப்பனைக்காரன் மாதிரித்தான்.

பயப்படுத்த இதை எழுதவில்லை. 2024 ஜனவரியில் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்று வந்தபோது, சவூதிச் சம்பளத்துக்கும் வரி வருமாம் என்று உம்மாமார் கலங்கியதைப் பார்த்தோம். இலக்கம் எடுப்பது வேறு, வரி கட்டுவது வேறு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் ஒருவர் இங்கே வதிபவரா என்று பார்க்கிறது, அதற்கு 183 நாள் கணக்கு ஒன்றும் உண்டு. வருசம் முழுக்க வெளியில் வேலை செய்து வதியாதவராகக் கணிக்கப்படும் ஒருவரின் வளைகுடாச் சம்பளத்தில் இலங்கை பொதுவாகக் கை வைக்காது. ஆனால் இங்கே உண்டாகும் வருமானம் அவர் எங்கே இருந்தாலும் இலங்கை வருமானம்தான். கடை வாடகையும் வைப்பு வட்டியும் இதில் அடங்கும். 2025 ஏப்ரலில் இருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரைக்கும் விலக்கு இருப்பதால் பெரும்பாலான குடும்பங்களுக்கு வரியே வராது. வருகிறவர்கள் கொஞ்சப்பேர்.

அந்தக் கொஞ்சப்பேர் கட்டாமல் போனால் பாக்கி அழியாது. மாதா மாதம் வட்டி ஏறும். வங்கிக் கணக்கில் கை வைக்கவும் சொத்தை விற்கவும் சட்டத்தில் இடம் உண்டு. லீவில் வந்தவர் திரும்பிப் போகும்போது பயணத்தைத் தடுக்கவும் இடம் உண்டு.

கம்பெனிக்கு நிழல் கொடுத்த அந்த மதிலும் இப்போது மெல்ல இடிகிறது. நாடுகள் ஒன்றுக்கொன்று வரித் தகவல் கொடுக்கவும் வசூலுக்கு உதவவும் 1988இல் ஒரு உடன்படிக்கை உருவானது, 2010இல் அதைத் திருத்தி எல்லா நாடுகளுக்கும் திறந்துவிட்டார்கள். ஆனாலும் வசூலுக்கு உதவும் பகுதியை மட்டும் ஏற்காமல் சேர நாடுகளுக்கு இன்னும் வழி இருக்கிறது. பெரிய கம்பெனிகள் இண்டைக்கும் தப்பத்தான் செய்கின்றன. அதைச் சொல்லிக் கோபப்பட எங்களுக்கு உரிமை உண்டு. அந்தக் கோபத்தை வைத்து எங்கட பாக்கியை அழிக்க முடியாது.

பாஸ்போட் எடுத்து, மெடிக்கல் முடித்து, ஏஜென்சிக்கும் காசு கட்டியாயிற்று. விமானம் ஏற முதல் ஒரு பின்னேரம் வாப்பாவோடும் மனைவியோடும் குந்தி, எந்த உறுதி யார் பெயரில், எந்த வாடகை எந்தக் கணக்கில், இதுவரை எவ்வளவு பாக்கி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஜனாஸாவில் நிற்கும் மகனுக்குத் தெரியாத கடனைப் பற்றி அவன் என்னத்தை அறிவிப்பான்?